கதவைப் பூட்டும் காட்சி

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று கிளினிக்கில் பதினெட்டுப் பேர். அதில் இரண்டு பேர் உள்ளே மிஷின் சத்தம் கேட்டதுமே பல்வலி சரியாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்கள். பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் ஒன்பது வருடம் உட்கார்ந்ததில் நான் கற்றது இதுதான்: ஜனங்கள் வாய்க்குள் இருக்கும் மிஷினைவிட, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மிஷினுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

இதை மாலை வகுப்பில் சொன்னேன். மேடம் அப்படியே பலகையில் எழுதிப் போட்டார். நாற்பத்தேழு வயதில் சினிமா படிக்கப் போன ஒருத்தி சொன்னது பலகையில் ஏறும் என்று யார் நினைத்தது? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரிதான், அடுத்து அந்த டாக்டருக்கே நீ கிளாஸ் எடுப்ப" என்றார். சிரித்துச் சிரித்து டீ ஆறிப்போனது.

கடைசித் தேர்வுக்கான வேலையும் இன்று மேடம் கொடுத்துவிட்டார். ஒரு உளவியல் த்ரில்லரின் முதல் இரண்டு நிமிடம். முழுப் படம் வேண்டாம், ஆரம்பம் மட்டும் போதும். அந்த வகைப் படங்களுக்கென்று வழக்கங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஐந்தையாவது பயன்படுத்த வேண்டும். ஒன்றையாவது உடைக்க வேண்டும். மூன்று பேர் ஒரு குழு. எனக்குக் கிடைத்தவர்கள் கேமரா பிடிக்கும் ஒல்லியும், எடிட்டிங் செய்யும் அவசரமும். நான் வைத்த பெயர்கள் இல்லை, வகுப்பே அப்படித்தான் கூப்பிடுகிறது. அவன் வயதையும் அவள் வயதையும் கூட்டினாலும் என் வயது வராது. முதலில் என்னை ஆன்ட்டி என்றார்கள். முறைத்தேன். இப்போது அக்கா.

பிப்ரவரி 7, சனி

கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்து கதை யோசித்தோம். பிள்ளைகள் பட்டியலோடு வந்திருந்தார்கள். உடைந்த கண்ணாடி, சொட்டும் குழாய், பாதி முகத்தில் மட்டும் வெளிச்சம், கண் இல்லாத பொம்மை, கிழிந்த போட்டோ, மினுக்கும் விளக்கு. எல்லாவற்றையும் வைக்க வேண்டுமாம். "ரெண்டு நிமிஷத்துல இத்தனையும் வெச்சா அது படமில்ல, பழைய சாமான் கடை" என்றேன்.

"அப்ப நீங்க சொல்லுங்கக்கா."

வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு ஆள் கதவைப் பூட்டுகிறான். இழுத்துப் பார்க்கிறான். போகிறான். திரும்பி வந்து, திறந்து, மறுபடி பூட்டுகிறான். மறுபடி. மறுபடி. ஏன் என்று நமக்குத் தெரியாது.

அவசரம்தான் முதலில் மேஜையைத் தட்டினாள். "செம பயமா இருக்குக்கா! எங்கேருந்து புடிச்சீங்க?"

"சும்மா தோணுச்சு" என்றேன்.

தோணுச்சாம். கொஞ்சம்கூட வாய் கூசவில்லையே எனக்கு.

இதை இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். அந்த ஆள் என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். எதையும் இரண்டு தடவை பார்க்காதவன் மெக்கானிக்கே இல்லை என்பார். அது வேலைக்குச் சரி. அது எப்போது அவரோடு வீட்டுக்கு வந்தது? ஐந்து வருடம் இருக்கும். முதலில் இரண்டு தடவை பூட்டினார், பிறகு நான்கு. இப்போது ஏழு. அதற்கப்புறமும் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். எட்டு மணி வேலைக்கு ஆறரைக்குக் கிளம்புகிற மனிதர். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போய் மூன்று வருடம் ஆகிறது. கடைசியாக வெளியூரில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பினோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் ஆயிற்று. டிரைவர் வண்டியை எடுக்கும்போது இவர் இறங்கிவிட்டார். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நான் கேட்டதில்லை. கேட்டால் உடைந்துவிடுவாரோ என்று பயம். மகனிடம்கூட அப்பாவுக்கு வேலை என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஐந்து வருடம் பொத்தி வைத்ததை இன்று கேன்டீனில் கதையாக விற்றுவிட்டு வந்திருக்கிறேன்.

மாற்றிவிடலாம். வேறு கதையா கிடைக்காது?

பிப்ரவரி 8, ஞாயிறு

மாற்றவில்லை. மேடத்துக்கு அனுப்பியும் விட்டேன். நல்ல கதை என்று நாலு பேர் சொன்னால் புத்தி மழுங்கிவிடும் போலிருக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

மேடம் சரி சொல்லிவிட்டார். நடிக்க அவசரத்தின் மாமா வருகிறார். இடம் எங்கள் வீடு. நீளமான நடை, கோடியில் பழைய மரக்கதவு. ஒல்லி பார்த்ததும் சொக்கிவிட்டான்.

மினுக்குகிற விளக்கு வேண்டும் என்றேன். இவர் உட்கார்ந்து பழைய பல்பு ஹோல்டர் ஒன்றை எடுத்து, ஸ்விட்ச் மாட்டி, நான் சொல்லும் வேகத்தில் மினுக்குகிற மாதிரி செய்து கொடுத்தார். வேலை முடிந்து களைத்து வந்த மனிதர். எத்தனை பெண்களுக்கு இது வாய்க்கும்? என் அம்மா இருந்திருந்தால், கொடுத்து வைத்தவள் என்று சொல்லியிருப்பாள்.

"என்ன கதை?" என்றார்.

"த்ரில்லர்."

"கொலையா?"

"இல்ல. மனசு சம்பந்தப்பட்டது."

"அப்ப ரத்தத்துக்கு சாயம் கரைக்கிற வேலை மிச்சம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். டீ டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது?

காலை பத்து மணிக்கு ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, வெளியே வெயில் காய வீட்டுக்குள் இரவாக்கினோம். எல்லாம் தயார். மாமா வரவில்லை. பல்வலியாம், கன்னம் வீங்கிவிட்டதாம். ஒன்பது வருடமாக எனக்குச் சோறு போட்ட பல்வலி இன்று என் காலையே வாரிவிட்டது.

கேமராவை மாலைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒல்லி சுற்றிப் பார்த்தான். ஏணி மேல் நின்று துணிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் மேல் அவன் பார்வை நின்றது.

"அங்கிள் நடிப்பாராக்கா?"

"இவ அக்கா, நான் அங்கிளா? நல்ல கணக்கா இருக்கேப்பா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வேறு வந்தார். அந்தச் சீப்பைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும் நான்.

ஒல்லி விளக்கைத் தரையில் வைத்துக் கீழேயிருந்து வெளிச்சம் அடித்தான். பாதி முகம் இருட்டு. இருபத்துமூன்று வருடமாகப் பார்க்கிற முகம் அந்தச் சின்னத் திரையில் யாரோ ஒருவனுடையதாகத் தெரிந்தது. தெருவில் வண்டிச் சத்தம் வந்தால் கை காட்ட அவசரத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம். உள்ளே நாங்கள் மூன்று பேர்தான்.

"என்ன செய்யணும்?"

"கதவைப் பூட்டணும். இழுத்துப் பாத்துட்டு இந்தப் பக்கம் நடந்து வரணும். அப்புறம் திரும்பிப் போய், திறந்து மறுபடி பூட்டணும்."

அவர் கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "எத்தனை தடவை?"

"உங்களுக்குப் போதும்னு தோணற வரைக்கும்."

சொன்னேன். நான்தான் சொன்னேன். என்ன மனுஷி நான்.

முதல் இரண்டு தடவை நடித்தார். மூன்றாவதிலிருந்து நடிக்கவில்லை. சாவியைத் திருப்பினார், கைப்பிடியை இழுத்தார், உள்ளங்கையைக் கதவில் வைத்து அப்படியே நின்றார், காது கொடுத்துக் கேட்கிற மாதிரி. நான்கு. ஐந்து. வாய் ஏதோ முணுமுணுத்தது. வீட்டுக்குள் தினமும் கேட்கிற சத்தம்தான், நான் வழக்கமாக அடுக்களையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கேட்காமல் இருப்பேன். இன்று முன்னால் நின்று பார்த்தேன். ஏழு முடிந்து நடந்து வந்து, "போதுமா?" என்றார். கட் சொல்ல வேண்டியவள் நான். ஒல்லிதான் சொன்னான். சொல்லிவிட்டு, "அங்கிள், நீங்க பிறவி நடிகர்!" என்று வேறு குதித்தான். இவர் முகம் கழுவப் போய்விட்டார்.

பிள்ளைகள் போன பிறகு துணிகளை இரண்டு பேருமாக மடித்தோம். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.

"என்னைப் பத்தித்தானே எழுதியிருக்க?"

"ஆமா."

"எழுதினதுக்குக் கோவம் இல்ல. பசங்க முன்னாடி நிக்க வெச்சப்புறம்தான் அது நான்னு எனக்குத் தெரியுது பாரு. அதான்."

என்னங்க, என்னங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். மடித்த துணியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 16, திங்கள்

பேசவில்லை. ஆறரைக்குப் போய்விட்டார். மேஜையில் எனக்கு டீ போட்டு மூடி வைத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 18, புதன்

மதியம் கிளினிக்கில் இருக்கும்போது அவசரத்திடமிருந்து வீடியோ வந்தது. கூடவே ஒரு வரி: "அக்கா, முதல் கட்! பூட்டற ஷாட் ஏழு டேக் எடுத்திருக்கீங்க, கடைசி டேக்தான் சூப்பர், அதை மட்டும் வெச்சிருக்கேன்."

புரிய எனக்கு நேரம் பிடித்தது. ஏழு தடவை பூட்டியதை அவள் ஏழு டேக் என்று நினைத்துவிட்டாள். உள்ளே நின்று பார்க்கவில்லையே, வெளியே தெருவில் நின்றாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். எந்த மனிதன் ஒரே மூச்சில் ஏழு தடவை பூட்டுவான்?

வீடியோவைப் போட்டேன். ஒரு ஆள் நடையில் வருகிறார். கதவைப் பூட்டுகிறார். ஒரு இழுப்பு. திரும்பி நடந்து போகிறார். முடிந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் மேஜையிலேயே அழுதுவிட்டேன். காத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "ரொம்ப வலிக்குதாம்மா? இங்கேயே வேலை பாக்கறீங்க, காட்டிக்கக் கூடாதா?" என்றார். நல்ல மனிதர். அவருக்கு வரிசையில் முன்னால் இடம் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் இவரிடம் போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். "மறுபடி போடு" என்றார். போட்டேன். பிறகு அவரே போட்டுக்கொண்டார். ஒன்பது தடவை பார்த்திருப்பார்.

"பாரு, இவன் பாட்டுக்குப் போறான்."

"அது நீங்கதாங்க."

"நான் இப்படிப் போய் நானே பாத்ததில்ல."

அந்தப் பிள்ளை செய்த குளறுபடியைச் சொன்னேன். லேசாகச் சிரித்தார். மூன்று நாளுக்குப் பிறகு ஒரு சிரிப்பு, அவசரத்துக்குக் கோயிலே கட்டலாம். பிறகு சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அவராகவே ஆரம்பித்தார்.

"ஏழாவது தடவை நிம்மதி வந்து போறேன்னு நீ நெனச்சிருப்ப. இல்ல. கை வலிக்குது, அதனால போறேன். பாக்கறவங்களுக்கு அது நிம்மதி மாதிரி தெரியுது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கவே இல்லையே. குழாயத் திறந்து விட்டுப்ப."

ஆக, அவருக்குத் தெரியும். ஐந்து வருடமாக அந்தக் குழாய்ச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் அவருக்குச் செய்கிற உபகாரம் என்று நினைத்திருந்தேன். அவர் மடியில் தலை வைத்து அழுதேன். மன்னிப்பும் கேட்டேன், படத்துக்காக இல்லை, குழாய்க்காக. முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

பிப்ரவரி 21, சனி

எடிட்டிங் அறை. விஷயம் தெரிந்ததும் அவசரம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, ரீடேக்னு நெனச்சேன்கா! பதறாத காரியம் சிதறாதுன்னு எங்கம்மா தினம் சொல்றாங்க, கேட்டாத்தானே." ஏழையும் இப்போதே திருப்பி வைக்கிறேன் என்று உட்கார்ந்தாள்.

வேண்டாம் என்றேன். ஒல்லி எகிறினான்.

"அப்புறம் என்னக்கா இருக்கு படத்துல? ஒரு ஆள் கதவப் பூட்டிட்டுப் போறான், இதுவா த்ரில்லர்? ஏழும் இருந்தாத்தான் அவன் பைத்தியம்னு தெரியும்."

"அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொன்னே, எழுந்து போயிடுவேன்."

பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அவன் என்ன கண்டான்? பாட்டில் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, கோபித்ததற்கு மன்னித்துக்கொள் என்றேன். பிறகு மனதில் இருந்ததைச் சொன்னேன். மனசு சரியில்லாதவன் என்றால் அவன்தான் ஆபத்தானவன், இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கம். மேடம் ஒன்றை உடைக்கச் சொல்லியிருக்கிறார், இதை உடைப்போம். பார்க்கிறவர்கள் அவனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவனுக்காகப் பயப்படட்டும். அவன் பூட்டிவிட்டுப் போன பிறகு கேமரா கதவிலேயே நிற்கட்டும். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் வரட்டும். என்ன சத்தம் என்று நாம் காட்டவே வேண்டாம்.

ஒல்லி திரைப் பக்கம் திரும்பினான். "அங்கிள்..." என்று ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்தான். விட்டுவிட்டான். மானிட்டர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அவர் முகத்தின் மேல் இருந்த இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். அந்தத் திரையில் என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு இங்கிதம்? பெற்றவள் நன்றாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 25, புதன்

கடைசி நோயாளி போன பிறகு, படத்துக்கு மிஷின் சத்தம் வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். தயங்காமல் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டர் பல் ஒன்றை ஐந்து நிமிடம் குடைந்தார். நான் வெளியே போனில் பதிந்தேன். "போதுமா, இன்னொரு பல் வேணுமா?" என்று உள்ளேயிருந்து குரல். அவசரம் அதை வேகம் குறைத்துப் போட்டுக் காட்டினாள். எனக்கே முதுகு சில்லிட்டது. டாக்டர் பெயரைத் தனி அட்டையாகப் போடுகிறோம்.

மார்ச் 12, வியாழன்

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கல்லூரியில் திரையிடல். இவரைக் கூப்பிட்டேன்.

"நான் வரல. நீ முன்னாடியே போய் எல்லாம் பாக்கணும். என்னை இழுத்துக்கிட்டுப் போனா உனக்கு லேட்டாயிடும்."

வற்புறுத்தவில்லை. அவர் சட்டையை மட்டும் இஸ்திரி போட்டு மாட்டி வைத்தேன்.

மார்ச் 14, சனி

அரங்கில் எண்பது பேர் இருக்கும். எங்கள் படம் ஆறாவது. அவர் கதவைப் பூட்டிவிட்டு நடந்து போனார், கேமரா நின்றது, இருபது வினாடி வெறும் கதவு. பிறகு அந்தச் சத்தம். முன்வரிசையில் ஒரு பெண் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். ஒல்லி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டான்.

விளக்கு போட்டதும் மேடம் எழுந்தார். பாராட்டினார். வழக்கங்கள் நான்குதான் இருக்கின்றன, ஐந்தாவது எங்கே என்று கேட்டு மதிப்பெண்ணும் குறைத்தார், சரியான ஆள். பிறகு, "அந்தப் பூட்டற ஷாட் ரொம்ப இயல்பா இருக்கு. எத்தனை டேக் போனீங்க?" என்றார்.

நான் எழுந்தேன். என்ன சொல்வது? ஒன்று என்பதா, ஏழு என்பதா? இரண்டும் பொய்யாகத்தான் வரும் என் வாயில்.

"ஒரே டேக்தாங்க."

பின்னாலிருந்து குரல். தெரிந்த குரல். திரும்பினேன். கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஒரே டேக்ல ஏழு தடவை பூட்டினேன். அந்தப் பொண்ணு ஒண்ணை மட்டும் வெச்சா. எனக்கு நிஜமாவே அந்தப் பழக்கம் இருக்குங்க. வீட்ட விட்டுக் கிளம்ப முடியாது. எழுதினது என் வீட்டுக்காரம்மா."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "சொன்னதுக்கு நன்றி சார்" என்றார், அவ்வளவுதான், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாளுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன். அவசரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், எப்படி வந்தீர்கள் என்று.

"பன்னெண்டு மணிக்கே கிளம்பிட்டேன். ஸ்டாப்லேருந்து ரெண்டு தடவை திரும்பிப் போனேன். மூணாவது தடவை போலாம்னு நெனக்கறப்ப பஸ் வந்து முன்னாடி நின்னுடுச்சு."

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்கு." ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். "நீ பேசிக்கிட்டே வா."

பேசிக்கொண்டே வந்தேன். எதைப் பற்றி என்று நினைவில்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே சீட்டில்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று ஏழு அல்ல, ஒன்பது. நேற்றைக்கும் சேர்த்துப் போலிருக்கிறது. நான் குழாயைத் திறக்கவில்லை. நடையில் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஐந்தாவதில், "போய் உக்காரேன், கால் வலிக்கும்" என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

எங்கள் பல் டாக்டர் சொல்லி அனுப்பிய மனநல மருத்துவரிடம் இன்று வந்திருக்கிறோம். சின்ன இடம், ஆறு நாற்காலி. வரவேற்பில் இருந்த பெண் ரெஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள், "யாருக்கும்மா பாக்கணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள், "எனக்குத்தாம்மா" என்றார். பெயரைச் சொன்னார், வயதைச் சொன்னார். எவ்வளவு நாளாக என்றதற்கு ஐந்து வருடம் என்றார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. அவர் குரல் கேட்கிறது. என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.